திருமணிமுத்தாற்று வண்டித்தடம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை அங்கே கதவு இல்லை. அடுத்த ஞாயிறு இருந்தது. புத்தம்புது இரும்புக் கதவு. பச்சைப் பெயின்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை. அதற்கு முன்னால் தடத்தின் அகலத்துக்குச் சிமென்ட் தொட்டி ஒன்று, மருந்து கலந்த தண்ணீரோடு. இந்தப் பக்கக் கோழிப்பண்ணைகளின் வாசலில் எல்லாம் இருக்குமே, வண்டிச் சக்கரம் நனைந்து நோய்க்கிருமி சாகிறதற்கு, அது. பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தேன். பிறகு சைக்கிளைத் தூக்கிக் கதவுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு நானும் ஏறினேன். பிளேட் வைத்த இடது கால், ஏறும்போது முனகியது. பேசாமல் வா என்று அதையும் இழுத்துக்கொண்டு குதித்தேன்.

ஷெட்டுக்குள்ளிருந்து கோகுல்ராஜ் வந்தார். பண்ணை அவருடையது. தடத்துக்கு இந்தப் பக்கம் இரண்டு ஷெட், அந்தப் பக்கம் இரண்டு ஷெட். ஒரு வருஷமாக என்னைப் பார்த்துத் தலையாட்டியவர்தான்.

"ஏனுங்க மேடம், பூட்டியிருக்கறது தெரியலீங்களா?"

தெரிந்துதான் ஏறினேன் என்றேன். அவர் கோபப்படவில்லை, பொறுமையாக விளக்கினார். சைக்கிள் டயரில் எந்த ஊர்ச் சேறு ஒட்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும், ஒரு கோழிக்கு வந்தால் மொத்த ஷெட்டும் போச்சு என்றார். அது நிஜம், நான் சிரிக்கவில்லை. டயரை மருந்தில் நனைக்கிறேன், ஷூவை நனைக்கிறேன், வேண்டுமானால் என்னையே நனையுங்கள் என்றேன். அதெல்லாம் ஆகாதாம். இது தடமே இல்லையாம், வண்டி போய் வருஷக்கணக்காகிறதாம். நான் வாராவாரம் வருகிறேனே என்று கேட்டதற்கு மனிதர் சொன்ன பதில்தான் என்னை மூட்டிவிட்டது.

"சைக்கிளெல்லாம் ஒரு வண்டிங்களா மேடம்?"

எனக்குச் சேலத்தில் ரீட்ரேடிங் கடை, தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டை ஒட்டுகிற வேலை. லாரி டயரோடு பிழைப்பு, சைக்கிள் டயரோடு உயிர். நாலு வருஷத்துக்கு முன்னால் பைபாஸில் லாரி ஒன்று என்னை உரசித் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என் வீட்டுக்காரர் ஆரோன் சொன்ன முதல் வார்த்தை, "இனிமே சைக்கிள் வேணாம் நான்சி." பைபாஸ் வேண்டாம், சைக்கிள் வேண்டும் என்றேன். சொன்னபடி செய்தேன். சேறும் சரளையும் தாங்குகிற தடித்த டயர் போட்ட கிராவல் சைக்கிள் வாங்கினேன். சர்ச்சில் சனிக்கிழமை சாயங்காலப் பூசையை முடித்துவிட்டு, ஞாயிறு விடிந்ததும் கிளம்பி, திருமணிமுத்தாற்றை ஒட்டிக் கரையும் வாய்க்கால் மேடும் வண்டித்தடமுமாகத் தேடித் தேடி ஒரு பாதை கோத்தேன். ஆட்டையாம்பட்டி தாண்டி, வெண்ணந்தூர் பக்கம் மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே புகுந்து, ஆறு காவிரியில் விழுகிற இடம்வரை. ஆறு என்று பெயர்தான். சாயக்கழிவு நுரை மிதக்கும், நாற்றம் மூக்கைத் துளைக்கும். ஆனாலும் அங்கே என்னை எந்த லாரியும் உரசாது. அந்தக் கதவு இருக்கிற இடம்தான் பாதைக்குக் கழுத்து. அதை மூடினால் சுற்றிப் போக மறுபடியும் பைபாஸ்தான். பைபாஸில் ஏற என்னால் முடியாது. பயம்தான், அதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அந்தத் தடம் போனால் என் சைக்கிளும் போனது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழு ஆட்கள், எதற்கு வம்பு என்று அந்த வாரமே வேறு பாதைக்கு மாறிவிட்டார்கள். மகராசன்கள், நன்றாக இருக்கட்டும்.

கதவுக்கு அடுத்த காடு குஞ்சம்மாள் அக்காவுடையது. கணவர் இறந்தபின் தனியாக மரவள்ளி போடுகிறார், டிராக்டரும் அவரே ஓட்டுவார். கோகுல்ராஜுக்குப் பெரியம்மா முறை. கிழங்கு ஆலைக்குப் போக அவருக்கும் இதுதான் தடம். உங்களுக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டேன். போன் போட்டுக் கேட்டால் கோகுலு வந்து திறந்துவிடுகிறான், பங்காளி வீட்டில் எதற்குச் சண்டை என்றார்.

"கேட்டுட்டுப் போறது எப்படிக்கா தடம் ஆகும்?" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. இதில் தன்னை இழுக்க வேண்டாம் என்றார். நான் வாய்க்கொழுப்புக்காரி, இருந்தாலும் அன்றைக்கு வாக்குக் கொடுத்தேன்.

திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தேன். தடத்தை மூட நினைக்கிறவர்கள் இந்தப் பக்கம் முதலில் செய்கிற வேலை, அதில் வண்டியே போவதில்லை என்று நாலு பேரைச் சொல்ல வைப்பது. கோகுல்ராஜ் அதைச் செய்திருந்தார். விசாரிக்க ஒருநாள் காலையில் ஆர்.ஐ. வந்தார். வருவாய்த்துறைக்காரர், நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார், கையில் கோகுல்ராஜ் கொடுத்த இளநீர்.

"வண்டி ஒன்னும் போறதில்லீங்க சார். இந்த மேடம் சைக்கிள்ல வாரதோட செரி," என்றார் கோகுல்ராஜ்.

கோபம் வந்தால் உனக்கு மூளை வேலை செய்யாது என்பான் ஆரோன். அன்று செய்தது. தொட்டியைக் காட்டினேன்.

"அப்ப இது யாருக்குங்க?"

தீவன லாரிக்கு என்றார் உடனே. தீவன லாரி தார்ரோட்டுப் பக்கமாக வருகிறது, அங்கே இன்னொரு வாசலும் இன்னொரு தொட்டியும் இருக்கின்றன, இரண்டு பக்கமும் பனைமரம் நெருக்குகிற இந்தத் தடத்தில் எந்த லாரி நுழையும் என்று கேட்டேன். பாவம், கோழிக்காரருக்குக் கதவு என்றாலே அதற்கு முன்னால் தொட்டி. வண்டியே வராத தடம் என்று சொல்லி மூடுகிற கதவுக்கும் பழக்கதோஷத்தில் சக்கரம் நனைக்கத் தொட்டி கட்டிவிட்டார். ஆர்.ஐ. குனிந்து பார்த்தார். சிமென்ட் விளிம்பில் பெரிய டயரின் பட்டை பட்டையான சேற்றுத்தடம் காய்ந்திருந்தது.

இது யார் வண்டி என்றார். எனக்குத் தெரியும். குஞ்சம்மாள் அக்கா வரப்பில் நிற்பதும் தெரியும். கொடுத்த வாக்குக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தேன். பிறகு மரவள்ளித் தழை விலகுகிற சத்தம் கேட்டது.

"அது என்ற டிராக்டருங்க," என்றார் குஞ்சம்மாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார், கையெல்லாம் மண். "கண்ணாலமாயி வந்த நாள்லருந்து இதுலதானுங்க போறேன். நேத்துங்கூடப் போனேன். கதவப் போட்டதுக்கப்பறம் இவனக் கேட்டுட்டுப் போனேன். அது என்ற தப்புங்க."

"பெரீம்மா," என்றார் கோகுல்ராஜ்.

உத்தரவு மேலே இருந்து வரும், அதுவரை யாரும் யாரையும் மறிக்கக் கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஆர்.ஐ. போனார். அவர் வண்டி வளைவு திரும்பியதும் கோகுல்ராஜ் பூட்டை மாட்டினார். மாட்டுவார் என்று எனக்குத் தெரியும். அக்கா என்னைப் பார்க்காமல் காட்டுக்குள் போய்விட்டார். வெற்றி மாதிரி எதுவுமில்லை. ஒரு மனுஷியின் உறவைக் கெடுத்துவிட்டேனே என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

நேற்று அவரே போன் செய்தார். கிழங்கு பிடுங்கியாயிற்று, காலையில் லோடு ஏற்றிப் போகிறேன், கூட ஒரு ஆள் இருந்தால் தெம்பாக இருக்கும் என்றார். ஆரோனிடம் சொன்னேன். அவன் எழுந்து போய் என் சைக்கிளுக்குக் காற்றடித்தான்.

நான் போனபோது டிராக்டர் கதவுக்கு முன்னால் நின்றது, முன்சக்கரம் இரண்டும் மருந்துத் தண்ணீரில். பின்னால் ட்ரெய்லர் நிறையக் கிழங்கு. மரவள்ளியைப் பிடுங்கிவிட்டால் காத்திருக்காது, நாள் போனால் உள்ளே கறுத்து ஆலையில் விலை இறங்கிவிடும். கோகுல்ராஜ் ஷெட் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவி விரலில் தொங்கியது. ஒரு வார்த்தை வந்தால் போதும், எழுந்து வருவார். அந்த வார்த்தைக்காகத்தான் உட்கார்ந்திருந்தார்.

வெயில் ஏறியது. ஹாரனாவது அடியுங்கள் அக்கா என்றேன்.

"ஆரன் அடிச்சா அதும் கேக்கறதுதான் சாமி. நான் இனிக் கேக்க மாட்டன்."

பின்னால் பால் கேனோடு ஒரு மொபெட் வந்து நின்றது. அந்த ஆள் என்ன ஏது என்று கேட்கவில்லை, ஸ்டாண்டைப் போட்டுவிட்டு வண்டியிலேயே சாய்ந்துகொண்டார்.

அக்கா முந்தானையை இடுப்பில் இறுக்கிக்கொண்டார். "நீ பின்னால வா சாமி," என்றார். கியர் விழுந்தது. டிராக்டர் ஒரு முழம் நகர்ந்தது. பம்பர் கதவைத் தொட்டதில் பூட்டு ஒருமுறை குலுங்கியது. கோகுல்ராஜ் நாற்காலியை விட்டு எழுந்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. தடத்தையே பார்த்தபடி, கிளட்சை மிதித்திருந்த காலை மெல்ல மெல்ல விட ஆரம்பித்தார்.