விருந்தாளிக்குப் பற்றவைத்த அடுப்பு

1

இந்தக் கதை பால் சேர்க்காத ஒரு கோப்பை பிளேன்டீயிலிருந்து வந்தது. அதில் இஞ்சி இருந்ததா என்பது எனக்கு நிச்சயமில்லை. இருந்தது என்கிறாள் என்னோடு வேலை செய்த ஷிபானா. இல்லை என்கிறேன் நான். நாங்கள் போன நாளைக்கூட நான் வியாழன் என்று நினைத்திருந்தேன், அவள் செவ்வாய் என்றாள், டெப்லட்டைத் திறந்து பார்த்தால் புதன் என்று இருக்கிறது. ஆகவே நான் சொல்லும் எதையும் ஒருநாள் முன்பின்னாக நம்பவும்.

ஒன்று மட்டும் சரியாக நினைவிருக்கிறது. அடுப்பு நீலமாக எரிந்தது. நான் பார்த்தேன். பார்த்ததை எழுதினேன். எழுதியது பிழை. அந்தப் பிழையைத் திருத்துவதற்காக இதை எழுதவில்லை. திருத்தங்கள் ஏற்கப்படும் கடைசி நாள் எப்போதோ போய்விட்டது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

திகனைக்கு மேலே மழை இறங்கிக்கொண்டிருந்த ஒரு— [மழை இல்லை. வெயில். ஷிபானா குடை பிடித்தது வெயிலுக்கு.]

வறுமை என்பது— [இப்படித் தொடங்கும் எதையும் நானே வாசிக்க மாட்டேன்.]

என் பெயர் ரமேஸ். ஊர் தெல்தோட்டை. கண்டியில் ஓர் ஆய்வு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டேன். [இது உண்மை. அழகில்லை. வைத்துக்கொள்கிறேன்.]

ஆய்வின் பொருள் எரிசக்தி வறுமை. ஒரு வீட்டில் சமைக்க, வெளிச்சம் போட, சாமான் கெடாமல் வைக்க எது இருக்கிறது, எது இல்லை என்று கேட்டு நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போடுவது. இல்லாமை கூடக்கூடப் புள்ளி கூடும். முப்பத்து மூன்றைத் தாண்டினால் அந்த வீடு எரிசக்தி வறுமையில் இருக்கிறது. தாண்டாவிட்டால் இல்லை. முப்பத்திரண்டில் இருப்பவர் நன்றாக இருக்கிறார். கடைசியில் மனநலம் பற்றியும் சில கேள்விகள் வரும்.

தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக் காம்பராவின் கூரை உள்பக்கம் கறுப்பு. ஆறாம் ஆண்டு படிக்கும் வரை எல்லா வீட்டுக் கூரையும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ஆகவே புகை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது எனச் சொல்ல முடியாது. இந்த வசனத்தைக் கதையில் வேறு எங்காவது மறைத்து வைக்கலாமா என்று பார்த்தேன். இடம் கிடைக்கவில்லை.

3

றம்லத்தின் வீடு திகனைச் சந்தியிலிருந்து பத்து நிமிட நடை. நாற்பத்தாறு வயது. கணவர் மௌத்தாகி நான்கு வருடம். இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறார். பதினைந்து வயதில் ஒரு மகள், பஸ்னா. கேள்வி கேட்பது ஷிபானா, பதிவது நான். ஷிபானாவும் அந்தப் பக்கத்தவள்தான். றம்லத்தைப் பார்த்ததும் தாத்தா என்றாள்.*

"வாங்கொ, வாங்கொ. இரிங்கொ. பஸ்னா, கதிரையத் துடை."

நாங்கள் உட்காருமுன் அவர் குசினிக்குள் போய், கேஸ் அடுப்பின் மேல் விரித்திருந்த பூப்போட்ட துணியை மடித்து வைத்துவிட்டு நெருப்புக்குச்சியைக் கிழித்தார். நீலச் சுவாலை ஹோலிலிருந்தே தெரிந்தது.

"வேணாங்க," என்றேன். போகும் வீடுகளில் எதையும் குடிக்கக் கூடாது என்பது எங்களுக்கு விதி.

"என்னத்த வேணாம்? குடிக்காமப் போனா எனக்குத்தான் குறை. மலையேறி வந்தீக்கீங்க."

அவர் இருமினார். "தடிமல், சும்மா சளி," என்றார், யாரும் கேட்காமலே.

தேநீர் வந்தது. சக்கரைத் துண்டும் வந்தது. குடித்தேன். பதினான்காம் கேள்வியும் வந்தது.

"தாத்தா, கூடுதலா எதுல சமைக்கிறீங்க? கேஸா, வெறகா, கரண்டா?"

"கேஸ் ஈக்கித்தானே. இந்தா, எரியுது பாருங்கொ."

வாசலில் நின்ற பஸ்னா, "உம்மா—" என்றாள்.

"பஸ்னா, அந்தச் சீனிப் போத்தல் எங்க? தேடு."

சீனிப் போத்தல் மேசையில் இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தோம். பஸ்னா தேடப் போனாள்.

"பிரிட்ஜ் ஈக்கா?"

"ஈக்கி."

இருந்தது. கதவு கயிற்றால் கட்டியிருந்தது. கரண்டுக் கட்டணம் ஏறியபோது வயரைக் கழற்றிவிட்டார்களாம். உள்ளே பஸ்னாவின் பாடப்புத்தகங்கள். எலி அரிக்காது. படிவம் கேட்பது பெட்டி இருக்கிறதா என்று. குளிர்கிறதா என்று கேட்கவில்லை. இருக்கிறது என்று அழுத்தினேன்.

"கடைசிக் கேள்வி, தாத்தா. போன ரெண்டு கிழமையும் மனசு எப்பிடி இருந்திச்சி? பூச்சியத்துல இருந்து பத்துக்குள்ள செல்லுங்கொ."

"அல்ஹம்துலில்லாஹ்."

"நம்பராச் செல்லணும், தாத்தா."

"அல்ஹம்துலில்லாஹ்வுக்கு என்ன நம்பர், மகள்? நீங்க படிச்ச ஆக்கள், நீங்களே ஒண்டு போடுங்கொ."

ஷிபானா என்னைப் பார்த்தாள். எட்டு என்று போட்டேன். ஏன் எட்டு என்றால், பத்து போட மனம் வரவில்லை.

மொத்தப் புள்ளி இருபத்தேழு. றம்லத் எரிசக்தி வறுமையில் இல்லை.

[* இந்தப் பக்கத்து முஸ்லிம்களின் பேச்சில் தாத்தா என்றால் அக்கா. நானா என்றால் அண்ணன். முதல் வாரம் முழுக்க ஷிபானா இளம் பெண்களைத் தாத்தா என்று கூப்பிடுவதைக் கேட்டு நான் ஒன்றும் கேட்காமல் இருந்தேன். கேட்காமல் இருப்பது என் வழக்கம்.]

4

ஷிபானா முன்னால் நடந்து பஸ் தரிப்பிடத்துக்குப் போய்விட்டாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பஸ்னா. நான் மறந்துவிட்டு வந்த அடையாள அட்டை அவள் கையில்.

"நானா, கேஸெண்டா எழுதின?"

"ம்."

"அது ஆரும் வந்தா மட்டுந்தான் பத்த வெக்கிற. நாங்க வெறகுலதான். வீட்டுக்குப் பின்னால தகரம் அடிச்சீக்கி. ஒவ்வொரு நாளும் நாப்பது தட்டு. புகைக்குக் கிட்டப் போனா இனி உம்மாட நெஞ்சு தாங்காதெண்டு கிளினிக்குல டொக்டர் சென்னாரு."

"உம்மா ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் பின்னால போய்ப் பாக்கல?"

அடையாள அட்டையை வாங்கிக்கொண்டேன். "சரி. நான் பாத்துக்கிறேன்," என்றேன்.

[இந்தப் பிள்ளையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. உண்மையை ஒரு பிள்ளை ஓடி வந்து சொல்லிவிட்டுப் போவது கதைக்கு மிக வசதியானது என்று வாசகர் நினைக்கலாம். ஆகவே ஒரு பிரதியில் அவளை எடுத்துவிட்டேன். அடையாள அட்டையை நானே மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பிரதியில் எனக்கு எதுவும் தெரியாது. படிவம் கேட்டதை நிரப்பிவிட்டுப் பஸ் ஏறிய நல்ல மனிதனாக இருந்தேன். மூன்று நாள் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவளைத் திருப்பி வைத்தேன்.]

5

அடுத்த வாரம்தான் விஷயம் தெரிந்தது. முப்பத்து மூன்றைத் தாண்டிய வீடுகளுக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டிக் கொடுக்கப் போகிறார்கள். அதை எங்களுக்கு முன்பே சொல்லாததற்குக் காரணம், சொன்னால் புள்ளி கூடிவிடும் என்பது. விறகு என்று மாற்றினால் றம்லத்துக்கு இருபது கூடும். நாற்பத்தேழு. பிரிட்ஜை அப்படியே விட்டாலும் போதும்.

மேற்பார்வையாளர் பாலேந்திரன், யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் வாசிப்பார்.

"தம்பி ரமேஸ், உம்மட வீடெல்லாம் வந்திட்டுது. திருத்தம் ஏதும் இருக்கோ? நாளைக்குத் தரவைப் பூட்டிடுவம்."

பட்டியலில் ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இந்த இருபத்தேழு. தொழில் இடியப்பம் எண்டு கிடக்கு. அடுப்பு கேஸ் எண்டு கிடக்கு. இடியப்பத்தைக் கேஸிலயோ அவிக்கினம்?"

"நாங்க போனப்ப கேஸ்தாங்க சார் எரிஞ்சிச்சு."

"அதில என்ன வைச்சிருந்தவை?"

"தண்ணி, சார்."

"ஆருக்கு?"

இரண்டு வாரத்துக்கு முன் ஒருவர் ஒரு வீட்டில் வட்டிலப்பம் சாப்பிட்டு வேலை இழந்திருந்தார். இரண்டு துண்டு. வட்டிலப்பத்தால் வேலை போன முதல் ஆள் என்று பாலேந்திரனே சொல்லிச் சிரித்திருந்தார். திருத்தப் படிவத்தில் காரணம் எழுத ஒரே ஒரு வரி உண்டு. நான் எழுத வேண்டியிருந்த வரி: அந்த அடுப்பு எனக்குத் தேநீர் போடுவதற்காக எரிந்தது. என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது.

நான் நீண்ட மௌனங்களை விரும்புகிறவன். பஸ்ஸில், வாசிகசாலையில், வீட்டில். அதை ஒரு நல்ல குணம் என்றே நினைத்து வந்தேன். அன்று மேசைக்கு அந்தப் பக்கம் அது ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

"அவையளுக்குத்தான் எண்டு விடுறன். சரியோ?"

"சரி, சார்."

"நல்லது. உம்மட தரவு எப்பவும் சுத்தம்."

6

எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) ரமேஸ் தலையை நிமிர்த்தி, "சார், அந்தத் தேநீரைக் குடிச்சது நான்," என்றான். பாலேந்திரன் கண்ணாடியை இறக்கி— [இந்த ரமேஸை எனக்குத் தெரியாது. என்னைப் போல் பேசுகிறான், ஆனால் பேசுகிறான்.]

(ஆ) றம்லத் விஷயம் அறிந்து, பஸ் பிடித்துக் கண்டிக்கு வந்து, எல்லோருக்கும் முன்னால் என்னைக் கிழிகிழி என்று கிழிக்கிறார். [வரவில்லை. வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அதனால்தான் எழுதினேன் என்று நினைக்கிறேன்.]

(இ) கதையை நிறுத்திவிட்டு அளவுகோலைக் குற்றம் சொல்வது. ஒரு வீட்டில் எது இருக்கிறது என்று கேட்கும் படிவத்துக்கு, அது யாருக்காக எரிகிறது என்று கேட்கத் தெரியாது. வந்தவரின் முன்னால் இல்லை என்று சொல்லாத மனிதரிடம் போய் இல்லாமையை எண்ணினால்— [நான்கு பக்கம் போனது. எல்லாம் சரி. எழுதும்போது சுகமாக இருந்தது. ஆகவே கிழித்தேன்.]

7

ஐந்து மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, ஒருவரும் அனுப்பாமல் நானாகப் போனேன். பக்கத்து வீட்டுக் கூரையில் புதுப் புகைபோக்கி வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது.

றம்லத் மெலிந்திருந்தார். கேஸ் அடுப்பின் மேல் பூப்போட்ட துணி. சிலிண்டரைக் காணவில்லை.

"இரிங்கொ, தம்பி. அண்டைக்கு உங்களுக்குப் போட்டதோட கேஸ் முடிஞ்சி. பின்னால வெறகுலதான் போடணும். தேத்தண்ணி புகை மணக்கும், குறை நினைக்க வாணாம்."

தடுத்தேன். கேட்கவில்லை. தகரத்துக்கு அடியில் குனிந்து ஊதினார், இருமினார், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், மறுபடி குனிந்தார். தகரத்தின் உள்பக்கம் கறுப்பு.

கோப்பையைக் கையில் வாங்கிய பிறகு சொன்னேன்.

"நான் பிழையா எழுதிட்டேங்க. இல்லாட்டி உங்களுக்கும் அந்த அடுப்பு வந்திருக்கும்."

"என்னத்தப் பிழை? நான் சென்னதத்தானே எழுதின. வந்த மனிசருக்கு முன்னால நான் வெறகெண்டு செல்லுவனா?" சிரிக்கப் போய் இருமினார். "எங்கள விட இல்லாதவங்களுக்குக் குடுத்தீப்பாங்க. அல்ஹம்துலில்லாஹ்."

பஸ்னா இடியப்பத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"உம்மாக்கு வெக்கம். உங்களுக்கு என்ன, நானா?"

"பஸ்னா!" என்றார் றம்லத்.

நான் தேநீரைக் குடித்தேன். புகை மணந்தது. இஞ்சி இருந்தது. முதல் கோப்பையிலும் இருந்திருக்க வேண்டும்.

8

முடிவை உங்களிடம் தந்துவிட நினைத்திருந்தேன். இப்படியான கதைகளில் அது வழக்கம். ஆனால் நீங்கள் நல்லவராக இருந்தால் என் இடத்தில் நின்று வாயைத் திறந்துவிடுவீர்கள். அடுப்பு வந்துவிடும். நானும் அதை நம்பிவிடுவேன். ஆகவே தரவில்லை.

ஷிபானா மாவனல்லையில் ஆசிரியையாக இருக்கிறாள். முதல் கோப்பையில் இஞ்சி இருந்ததை ஒப்புக்கொண்டு அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். பெருவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினாள்.

பாலேந்திரன் ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார்.

ஆய்வறிக்கை வெளிவந்தது. கேஸில் சமைக்கும் வீடுகளில் மனநலத்தின் சராசரி ஏழு தசம் ஒன்பது என்கிறது. என் எட்டும் அதில் சேர்ந்திருக்கிறது.

என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. இரண்டு முறை.

றம்லத் மார்ச் மாதம் பதினொரு நாள் ஆஸ்பத்திரி வார்ட்டில் இருந்தார். இப்போது அவர் அடுப்புக்குக் கிட்டப் போவதில்லை.

நாற்பது தட்டையும் பஸ்னா அவிக்கிறாள். கடைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பாடசாலைக்குப் போகிறாள். அவளுக்குப் பதினாறு வயது. போன வாரம் திகனைச் சந்தியில் கண்டேன். இருமினாள். தடிமல் என்றாள்.