சுத்தமான அழுக்கு

விளம்பர அலுவலகத்தில் அவனுக்குக் கறைக்காரன் என்று பெயர். அவன் கைபட்ட போஸ்டர் எதுவானாலும் பல மழைக்காலம் நனைந்து காய்ந்ததுபோல் ஆகிவிடும். கீறல், துரு, உரிந்த பெயிண்ட் என்று அவனுடைய கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபோல்டர் உண்டு. கிரஞ்ச் என்பார்கள் இதை. புத்தம் புதியதைப் பழசாகக் காட்டுகிற கலை. பழசை அப்படியே வைத்துவிட்டால் சம்பளம் யார் தருவார்கள்?

இந்த முறை வந்தது அடுக்குமாடி கட்டி விற்கும் நிறுவனம். காரை பெயர்ந்ததுபோல் தெரிகிற சுவர்கள்தான் இப்போது வசதியானவர்களுக்குப் பிடிக்கிறதாம்.

"எங்களுக்கு அழுக்கு வேணும். ஆனா சுத்தமான அழுக்கு," என்றார் அங்கிருந்து வந்த அதிகாரி. மேனேஜர் அருள்வாக்கு கேட்டவர்போல் தலையை ஆட்டினார்.

கறைக்காரன் தலைகீழாக நின்று பார்த்தான். காகிதத்தைக் கசக்கி ஸ்கேன் செய்தான். அதன்மேல் டீயை ஊற்றினான். பழைய டூத்பிரஷ்ஷால் மை தெளித்தான். லேயர்மேல் லேயராக அடுக்கிக் கொண்டுபோய்க் காட்டினால், அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் இருக்கு. உயிர் இல்லையே."

கறைக்காரனுக்கு மானம் போய்விட்டது. அழுக்கில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று இறுமாந்திருந்தவன் அல்லவா!

வீட்டில் மகளுக்கு இருமல். அவளுடைய கட்டிலை ஒட்டிய சுவருக்குப் பின்னால் குளியலறைக் குழாய் கசிந்துகொண்டிருந்தது. சுவரைச் சரி செய்யாமல் மருந்து கொடுத்துப் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஹவுஸ் ஓனரோடு மல்லுக்கட்டி, கெஞ்சி, சண்டை போட்டு, இந்த வாரம் கொத்தனாரை அனுப்புகிறேன் என்று அவர் வாயால் சொல்ல வைத்திருந்தாள் மனைவி. அவளுக்கு அது ஒரு யுத்தத்தை ஜெயித்த மாதிரி.

அன்று மாலை மருந்து கொடுக்கப் போனான். "கசக்காதுடா செல்லம், வாயைத் திற," என்று ஸ்பூனை நீட்டியவன் அப்படியே நின்றுவிட்டான். ஜன்னல் வெயில் சாய்வாக விழுந்த சுவரில் பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சை படர்ந்து, பெயிண்ட் செதில் செதிலாக எழும்பியிருந்தது. நடுவில் மகள் ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். ஒரு சிறகு காரையோடு உதிர்ந்துவிட்டது. ஸ்பூனை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு போனை எடுத்தான். மகள் வாயைத் திறந்தபடியே காத்திருந்தாள்.

படத்தைப் பார்த்த அதிகாரி நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார்.

"இதுதாங்க! அந்தப் பட்டாம்பூச்சி இருக்கே, அப்பப்பா! எதுல பண்ணீங்க?"

"நிறைய லேயர் சார்," என்றான் கூசாமல்.

"பெரிய போர்டுக்குப் போகுது. இன்னும் தெளிவா வேணும். பச்சை கொஞ்சம் கூடுதலா படரட்டும்."

கம்ப்யூட்டரில் பச்சையைக் கூட்டுவது அவனுக்குக் கண் சிமிட்டும் வேலை. ஆனால் அசலின் ருசி கண்டுவிட்டானே! மனைவிக்குத் தெரியாமல் ஹவுஸ் ஓனருக்கு போன் போட்டான். "கொத்தனார் மெதுவா வரட்டும் சார். அவசரமே இல்ல." குடியிருப்பவர் வாயிலிருந்து இப்படியொரு வார்த்தை வந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு சுவர் காய்ந்துவிடக் கூடாதே என்று, குழந்தைக்குக் குளிர்காற்று ஆகாதென்று சாக்குச் சொல்லி, ஜன்னலையும் சாத்தினான். பச்சை படர்ந்தது. இருமலும் கூடியது. அவன் ஸ்டாண்டு வைத்துப் படம் எடுத்தான்.

நாற்சந்தியில் போர்டு ஏறியது. அவன் வீட்டுச் சுவர் கட்டடத்தளவு உயர்ந்து நின்றது. மேலே கொட்டை எழுத்தில், 'குறைதான் அழகு.'

கொத்தனார் வரவேயில்லை. மனைவி விடாமல் போன் போட, ஹவுஸ் ஓனரே நேரில் வந்தார். சுவரைப் பார்த்தார். தன் போனில் இருந்த போர்டின் படத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, இது அதே பட்டாம்பூச்சிதானே? ஊரே அண்ணாந்து பாக்குது. இதைப் போய் யாராவது பூசுவாங்களா? உங்க வீட்டுக்காரரே அவசரமில்லன்னு போன் பண்ணினாரே!"

அவர் போன பிறகு மனைவி மகளின் கட்டிலை ஹாலுக்கு இழுத்தாள். ஹாலில் இருந்த அவனுடைய மேசையையும் கம்ப்யூட்டரையும் அந்த அறைக்குத் தள்ளினாள்.

"உக்காருங்க. அழகைப் பாத்துக்கிட்டே வேலை பாருங்க."

மறுநாளே தன் அண்ணனிடம் சொல்லி ஒரு கொத்தனாரைப் பிடித்தாள். அவர் கைவேலையை முடித்துவிட்டு அடுத்த வாரம்தான் வருவாராம். அதுவரை கறைக்காரன் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். மேனேஜர் அடுத்த வேலையை வீட்டுக்கே அனுப்பியிருந்தார். சலவைத்தூள் விளம்பரம். இன்னும் ஆழமான அழுக்கு வேண்டுமாம். படித்துக்கொண்டிருக்கும்போதே தொண்டை கமறியது. இருமினான். நிற்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

"என்னங்க, இப்ப உயிர் இருக்கா அதுல?" என்றாள் மனைவி ஹாலிலிருந்து.

இந்த அறையில்தான் குழந்தை இத்தனை நாளும் படுத்திருந்தாள் என்று நினைத்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

கதவருகே மகள் வந்து நின்றாள். ஒரு கையில் மருந்து பாட்டில், மறுகையில் தளும்பத் தளும்ப ஸ்பூன்.

"கசக்காதுப்பா," என்றாள். "வாயைத் திற."