என் பங்குக் களி

நெசவாளர் தெருக் குழந்தைகள் என்ன தின்கிறார்கள் என்று நிறுத்துப் பார்க்க சர்க்கார் அனுப்பிய ஆள் சின்னராஜ். நூல் கிடைக்காமல் ராசிபுரத்துத் தறிகளெல்லாம் ஓய்ந்து கிடந்த யுத்தகாலம் அது. உலையில் போடுமுன் மாவை நிறுக்க வேண்டும், பிள்ளையைத் தனியே அழைத்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்க வேண்டும். அந்த வீட்டுக்கு எதையும் கொடுக்கக் கூடாது, அங்கே பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. சட்டம் போட்டவனுக்கு என்ன, அவனா வந்து அந்தத் தெரு முத்தாயம்மாள் வீட்டில் உட்காரப் போகிறான்?

"ஊட்டுக்கு வந்தவிய பாத்துக்கிட்டு இருக்க, நாங்க எப்புடிங்க திங்கறது? ஒரு வாய் சாப்புடுங்க சாமி" என்று முதல் நாளே அவள் வட்டிலை நீட்டிவிட்டாள். மனைவி செத்துப் போனதிலிருந்து கிளப்புக் கடைச் சாப்பாடே கதியென்று கிடந்தவர் சின்னராஜ். சாப்பிடு என்று சொல்ல நாதியற்ற மனுஷனுக்கு அந்தக் குரலே போதுமாயிருந்தது. வாங்கிச் சாப்பிட்டார். மறுநாளும் சாப்பிட்டார். மத்தியானம் எப்போது வருமென்று விடிந்ததிலிருந்தே காத்திருக்க ஆரம்பித்துவிட்டார், வெட்கங்கெட்ட மனுஷன்! விருந்தாளி கைகழுவின பிறகே வீட்டார் உண்பது அங்கே வழக்கம். சட்டியில் மிச்சம் இருக்கும், பிள்ளை தின்றுகொள்ளும் என்று நினைத்துக் கிளம்பிவிடுவார்.

வாரக் கடைசியில் முத்தாயம்மாளின் மகள் வசந்தாமணியை வேப்பமரத்தடிக்கு அழைத்துக் கேட்டார்.

"இன்னைக்கு என்ன கண்ணு சாப்புட்ட?"

குழந்தை வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டது.

"நீங்க தின்னீங்களே, அது என்ற பங்குங்க. அம்மா சொல்லக்கூடாதுன்னுச்சு."

அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அடப் பாவி, பச்சைப் பிள்ளை வாயிலிருந்து பிடுங்கியா தின்றோம் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு செய்தார். மறுநாள் மத்தியானம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடந்தார். அந்த வட்டிலும் இனி இல்லை என்று நினைத்தபோது அழுகையாக வந்தது.

வெயில் சாய்கிற நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். வசந்தாமணிதான். உதடு உலர்ந்து போயிருந்தது.

"களியக் கிண்டி மூடி வச்சிருக்குதுங்க. உங்களுக்குப் போடாம எனக்குப் போடமாட்டீங்குது அம்மா."

"நான் சாப்பிட்டாச்சு, நீங்க சாப்பிடுங்கன்னு சொல்லு கண்ணு."

"சொன்னா நம்பாதுங்க. வாங்க."

சின்னராஜ் சட்டையை மாட்டிக்கொண்டார். குழந்தை முன்னால் ஓடினாள். நாலெட்டுக்கு ஒருதரம் நின்று, அவர் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.