கொதித்தும் சாகாதது

...மஞ்சள்தான், சந்தேகமே இல்லை, அப்பாவின் பிறந்தநாள் விருந்தில் மிஞ்சிய கோழிக்கறியின் சாற்றை விட்ட சோதனைத் தட்டின் குழிகள் எல்லாமே மஞ்சளாகிவிட்டன, பக்கத்தில் வெறும் உப்புநீர் விட்ட குழி மட்டும் நிறமில்லாமல் கிடக்கிறது. நஞ்சு இருந்தால் மஞ்சள், இல்லையென்றால் இல்லை, அவ்வளவுதானே, யார் யார் வீட்டு வாந்திபேதிக்கோ இதே பிளாஸ்டிக் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்கப் போனவள்தான், இன்று தட்டைக் கீழே வைக்கத் தெரியவில்லை. கறி ஆறிவிட்டதென்று அண்ணி மறுபடி அடுப்பில் ஏற்றித் தளதளவென்று கொதிக்கவிட்டதை இவள் கண்ணால் பார்த்தாள். கிருமி செத்திருக்கும், சரி, ஆனால் சாவதற்கு முன் அது கக்கிவைத்த நஞ்சு? எவ்வளவு கொதித்தாலும் அது அசையாது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இவள் சொல்வாள், ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியதே அதற்குத்தான். பிறகு ஏன் அப்படிச் சொன்னாள்? ஆஸ்பத்திரி வராந்தாவில், உள்ளே அப்பாவுக்கு சலைன் ஏறிக்கொண்டிருக்க, அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டே, "என்ன கிருமி டாக்டர், நீதான் சொல்லணும், எதனால இப்படி ஆச்சு?" என்று கேட்டதும், "கறி சரியா வேகலையோ என்னவோ" என்று வாய் முந்திக்கொண்டதே... யாரையாவது கைகாட்டிவிட வேண்டும் போலிருந்ததா அப்போது? அண்ணன் அண்ணியின் பக்கம் திரும்பி, "ஒரு கோழிய வேக வைக்கத் தெரியாதா உனக்கு?" என்றான். அண்ணி அப்பாவின் அறைக்குள் போய்விட்டாள்.

அண்ணிதான் சமைத்தாள், ஆனால் வெந்த கறியை எலும்பிலிருந்து உதிர்த்தது யார்? "குடுங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டவள் இவள், நகக்கண் பழுத்து விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்த விரலோடு. ஆய்வகத்தில் கையுறை இல்லாமல் ஒரு குப்பியைத் தொடமாட்டாள், வீட்டில் மட்டும் அந்தப் புத்தி எங்கே போயிற்று? எல்லோரும் படம் எடுத்து, கதை பேசி முடிக்கும்வரை கறி மேசைமேல் வெதுவெதுப்பாகக் கிடந்தது, கிருமி பெருக அதைவிட வசதி வேறென்ன வேண்டும்... மறுநாள் பஞ்சுக் குச்சியோடு போய் அண்ணியின் கையைத்தான் முதலில் கேட்டாள். "வலிக்குமா?" என்றாள் அண்ணி. "சும்மா பஞ்சுதான் அண்ணி." அண்ணி ஈரத்தைச் சேலையில் துடைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். தன் விரலை மட்டும் இவள் இங்கே ஆய்வகத்துக்கு வந்து, கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு துடைத்தெடுத்தாள். அண்ணியின் கையிலிருந்து எடுத்ததை வளர்த்த தட்டில் அந்தக் கிருமி இல்லை. இவள் தட்டில் பொன்னிறப் பொட்டுகள். கறிக்குள் செத்துக்கிடந்த கிருமியின் மரபணுவும் இந்தப் பொட்டுகளின் மரபணுவும் ஒன்று, காலையிலேயே தெரிந்துவிட்டது, ஆனாலும் இந்த மஞ்சள் வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வெட்கமாக இல்லை?

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு போனை எடுத்து அண்ணியை அழைத்தாள். அண்ணியின் பின்னால் குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

"அண்ணி, கறி நல்லாத்தான் வெந்திருக்கு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. என் விரல்ல இருந்த புண்ணுலேர்ந்துதான்..."

குழாய் நின்றது. "தெரியும்" என்றாள் அண்ணி.

"எப்படி அண்ணி?"

"இந்தக் கிருமியெல்லாம் எனக்கு என்ன தெரியும்? என் கையத் துடைக்கறப்ப நீ உன் விரல மடக்கி மடக்கி வெச்சுக்கிட்டியே, அப்பவே புரிஞ்சுபோச்சு. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்." குரலில் கோபம் இருந்ததா இல்லையா, பிடிபடவில்லை. "அப்பா இன்னிக்கு எழுந்து நடந்தார். சாயங்காலம் வா. உங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு. நான் சொல்லமாட்டேன்."

சொல்லிவிடலாம், இதில் என்ன, தெளிவாகச் சொன்னால் அண்ணனுக்குப் புரியும், பஸ்ஸில் போகும்போதே ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம்... ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள், உணவைக் கையாளும்போது கிருமி சேர்ந்திருக்கிறது, அறை வெப்பத்தில் நஞ்சு உருவாகியிருக்கிறது, சூடாக்கியும் அழியவில்லை... எல்லாம் சரிதான், ஒன்றுகூடப் பொய்யில்லை, மறுபடி முதலிலிருந்து சொன்னாள், அண்ணன் வீட்டு நிறுத்தம் வரும்வரை சொன்னாள், இறங்கும்போதுதான் உறைத்தது, இத்தனை வாக்கியங்களில் ஒன்றில்கூட 'நான்' வரவேயில்லை.