இளஞ்சிவப்புத் தாள்

அச்செடுத்த வரைபடத்தை ஆஸ்கெரின் மேசையில் வைத்துவிட்டு, அதிலிருந்த ஒரே சிவப்புப் பெட்டியின் மேல் விரலை ஊன்றினாள் போடில்.

"என்னப்பா, என்னைக் குறுக்க கோடு போட்டு அடிச்சிட்டே?"

சிறுநீரகப் பிரிவின் செயலாளர் அவள். இருபத்தாறு வருடமாக மூன்றாம் மாடியே கதி என்று இருப்பவள், கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து ஆஸ்கெர் பார்த்ததில்லை. அவன் வேலை படம் வரைவது. மருத்துவமனையின் ஒவ்வொரு பிரிவும், தன் வேலை எப்படி நடக்கிறது என்று சுவரில் பழுப்புக் காகிதம் விரித்து, ஒட்டுத்தாள்களில் படிப்படியாக எழுதி ஒட்டும். அதை யாராவது கைபேசியில் படம் பிடித்து, பாதியில் தன் நிழலையும் விழவைத்து, அவனுக்கு அனுப்புவார்கள். மென்பொருள் தாள்களைப் பெட்டிகளாக்கித் தரும். அவன் அம்புகளை நிமிர்த்தி, கணினியில் யாரும் திருத்தக்கூடிய வரைபடமாக மாற்றுவான். மஞ்சள் தாள் என்றால் வேலை, இளஞ்சிவப்பு என்றால் இடைஞ்சல். அதுதான் அங்கே வழக்கம். அறுபத்துமூன்று மஞ்சளுக்கு நடுவே 'முந்தின நாள் போன்' என்று ஒரே ஒரு இளஞ்சிவப்பு இருந்தது. சிவப்படித்து, குறுக்கே கோடு போட்டு நேற்றே அனுப்பிவிட்டான்.

"இளஞ்சிவப்புன்னா தொல்லைன்னுதானே அர்த்தம்?"

"மஞ்சள் கட்டைப் பூரா டாக்டருங்க எழுதித் தீத்துட்டாங்க. கைக்குக் கிடைச்சதுல நான் எழுதினேன். ஒரு மணிக்குக் கூட்டம். கோடு போட்டதையெல்லாம் தூக்கிடுவாங்களாம். என் போனுக்குப் பதிலா, தானா போற குறுஞ்செய்தியாம்."

"அந்தப் போன்ல அப்படி என்ன பேசுவீங்க?"

"நாளைக்கு ரத்தச் சுத்திகரிப்புக்கு வர்றீங்களான்னு கேப்பேன். எகோன்னு ஒரு நோயாளி, வர்றேன்னுதான் சொல்லுவாரு. நாயைப் பாத்துக்க ஆள் இல்லேன்னா வரமாட்டாரு. அதை நாமளா கேக்கணும். போன பிப்ரவரியில போனையே எடுக்கல. பக்கத்து வீட்டுக்காரியை அனுப்பினேன். சமையலறையில விழுந்து கிடந்தாரு மனுஷன். உன் குறுஞ்செய்தி போய்க் கதவைத் தட்டுமா?"

ஆஸ்கெருக்குக் காது சுட்டது. புகைப்படத்தைத் திறந்து பெரிதாக்கினான். இளஞ்சிவப்புத் தாளிலிருந்து பென்சிலில் மூன்று மெல்லிய கோடுகள் கிளம்பின. ஒன்று டாக்ஸிக்கு, ஒன்று படுக்கைக்கு, ஒன்று மதிய உணவுக்கு. அவள் போன் பண்ணிய பிறகுதான் இந்த மூன்றும் ஏற்பாடாகும். பழுப்புக் காகிதத்தில் அவை மென்பொருளுக்கும் தெரியவில்லை, அவசரத்தில் அவனுக்கும் தெரியவில்லை.

"பென்சில்ல யாராவது எழுதுவாங்களா?"

"பேனாவும் டாக்டருங்ககிட்டதானே இருந்துச்சு!"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, இவள் படியிறங்கி வந்தாளே என்று மனசார நன்றியும் வந்தது. வராமல் இருந்திருந்தால், அவன் போட்ட கோடு அப்படியே நின்றிருக்கும். பெட்டியை மஞ்சளாக்கி மூன்று அம்புகளையும் வரைய, கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

கூட்டங்களுக்குப் போகிற ஆள் இல்லை அவன். அன்று போனான். தப்பு தன்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டான். பிரிவின் தலைவி மெரெட்டெ, திரையிலிருந்த போடிலின் பெட்டியை அழித்துப் பார்த்தாள். மூன்று அம்புகள், எங்கிருந்தும் புறப்படாமல் அந்தரத்தில் நின்றன.

"அப்ப டாக்ஸிக்காரனுக்கு யாரு சொல்றது?"

எல்லோரையும் பார்த்துக் கேட்டுவிட்டு, அவள் பெட்டியைத் திரும்ப வரவழைத்தாள்.

"சரி, ஒரு வருஷம் இப்படியே ஓடட்டும். அப்புறம் பாப்போம்."

வேலையில் சொதப்பியவர்தான் கேக் கொண்டுவர வேண்டும் என்பது அந்த ஊர் அலுவலகங்களில் எழுதாத சட்டம். வெள்ளிக்கிழமை காலை, ஆப்பிள் கேக்கைத் தூக்கிக்கொண்டு ஆஸ்கெர் மூன்று மாடி ஏறினான். போடில் போனில் இருந்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் எகோன், நாயை யாரு பாத்துக்குவா?"

உட்காரும்படி கையைக் காட்டினாள். அவள் மேசையில் ஏற்கெனவே ஒரு கேக் இருந்தது. அதன் மூடியில் இளஞ்சிவப்புத் தாள் ஒன்று. அதில், பென்சிலில், அவன் பெயர்.