துறைமுகக் கிட்டங்கியில் ஆம்புரோஸ் டூஹி செய்தது

அந்தக் குளிர்காலத்தில் ரஷ்யரின் செவஸ்தபோல் கோட்டையை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலப் படையில் குண்டடிபட்டுச் செத்தவர்களைவிட வயிறு போய்ச் செத்தவர்களே அதிகம். ராணுவ மருத்துவர் ஆம்புரோஸ் டூஹியின் கூடாரங்களில் சிப்பாய்கள் ஈரத்தரையில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தக் கொடுக்கும் அபினி தீர்ந்துவிட்டது. கம்பளி என்றால், செத்தவன்மேல் கிடந்ததை உருவி அடுத்தவனுக்குப் போர்த்துவதுதான்.

டூஹி கார்க் நகரத்துச் செருப்பு தைப்பவரின் மகன். சீனத்திலும் பஞ்சாபிலும் காயம் கட்டி இரண்டு பதக்கம் வாங்கியிருந்தார். அவை அந்தப் போர்களுக்குப் போன எல்லோருக்கும் கொடுத்தவை. பதவி மட்டும் உயரவேயில்லை. ஆனால் இந்தப் போரின் தொடக்கத்தில் அல்மா ஆற்றங்கரையில், தலைக்குமேல் குண்டு பறக்க, ஒரு கேப்டனின் தொடையில் பீறிட்ட ரத்தக்குழாயை விரலால் அமுக்கிப் பிடித்தபடி மாலைவரை படுத்துக் கிடந்தார். அதற்காகக் கர்னல் லாரிமர் அவர் பெயரை ஒரு விருதுக்காக லண்டனுக்குப் பரிந்துரைத்திருந்தார். அந்தக் கௌரவம் கிடைத்தால் ஊரிலேயே ஒரு மருத்துவமனைப் பொறுப்பு வரும். மனைவி ஜூடித்தின் முகத்தைப் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது.

அன்று காலை சார்ஜெண்ட் கியோவின் மனைவி ஹொனோரா அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள். படையோடு வந்த பெண்களில் அவள் ஒருத்தி. நோயாளிகளின் துணி துவைத்தே கை வெடித்திருந்தது.

“டாக்டரய்யா, இவருக்குக் கண்ணு சொருகுது. ஏதாவது குடுங்க.”

“என்னத்தக் குடுக்க, ஹொனோரா? பெட்டியக் கவுத்தே பாத்துட்டேன்.”

கியோ மெல்லக் கண் திறந்தார். “விடுடி. அவரு வச்சுக்கிட்டா இல்லேங்கிறாரு? இவ சமையலயே தாங்குன வயிறு, டாக்டரய்யா. இப்பப் போயி மக்கர் பண்ணுது.”

டூஹியால் சிரிக்க முடியவில்லை. ஹொனோராவையும் தூக்குப்படுக்கை சுமக்கும் ஆட்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு சேற்றுப் பாதையில் பாலாகிளாவா துறைமுகத்துக்கு இறங்கினார்.

அங்கே ராணுவச் சரக்குக் கிட்டங்கியின் அதிகாரி குரௌதர் அடுப்பருகே உட்கார்ந்திருந்தார்.

“சரக்கு இருக்கு. இல்லேன்னு சொல்லல. ஆனா அது கடல் தாண்டி ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரிக்குன்னு வந்தது. அங்கேருந்து உத்தரவு வரணும்.”

“கப்பல் போய் வர்றதுக்குள்ள மருந்து சாப்பிட என் கூடாரத்துல ஆளே இருக்காது.”

“அதுக்கு நான் என்ன செய்ய? சட்டத்த நானா போட்டேன்?” குரௌதர் குரலைத் தாழ்த்தினார். “உங்க பேரு லண்டனுக்குப் போயிருக்காமே. இந்த நேரத்துல எதுக்கு வம்பு? பேசாம திரும்பிப் போங்க.”

டூஹி வெளியே வந்தார். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. போனால் யாரும் அவரைக் குறை சொல்லப்போவதில்லை.

“தரமாட்டானா?” என்று கேட்டாள் ஹொனோரா.

அவர் படகுத்துறைக்குப் போய் ஒரு கடப்பாரையை வாங்கிவந்தார். கிட்டங்கியின் பூட்டு இரண்டு குத்தில் விழுந்தது.

குரௌதர் தொப்பிகூட இல்லாமல் ஓடிவந்தார். “டாக்டர், இதுக்குப் பேரு கொள்ளை.”

“ஆமா. என் பேரச் சரியா எழுதுங்க. டூஹி. நெறையப் பேரு தப்பாத்தான் எழுதுறாங்க.”

உள்ளே அபினி இருந்தது, காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா இருந்தது, கூரைவரை கம்பளி இருந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் முதுகிலும் தலையிலும் ஏற்றிக்கொண்டார்கள். மேடு ஏறும்போது சேற்றில் கால் முழங்கால்வரை புதைந்தது. டூஹி விழுந்து எழுந்தார். மருந்துப் பெட்டியை மட்டும் மார்பை விட்டு விலக்கவில்லை.

கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சார்ஜெண்ட் கியோ விறைத்துப் போயிருந்தார். மத்தியானமே உயிர் போய்விட்டதாம்.

ஹொனோரா சுமையை இறக்காமல் நின்றாள். டூஹிதான் அதை வாங்கிக் கீழே வைத்தார்.

“அவருக்கு ஒண்ணு போத்திவிடும்மா.”

“பக்கத்துல கெடக்கிறவன் பல்லு கிட்டி நடுங்குறான், உங்க கண்ணுக்குத் தெரியலையா?” என்றாள் அவள். அவனுக்குப் போர்த்திவிட்டு, அடுத்தவனுக்கும் போர்த்தினாள். அதன் பிறகுதான் புருஷன் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

மறுநாள் கர்னல் கூப்பிட்டனுப்பினார்.

“உம்ம விசாரணையில நிறுத்தாம இருக்கேன்னா அல்மாவுக்காகத்தான். பரிந்துரையத் திரும்ப வாங்கிக்கிறதா லண்டனுக்கு எழுதிட்டேன்.”

விறைப்பாக நிற்க வேண்டும் என்றுதான் டூஹி நினைத்து வந்திருந்தார். முடியவில்லை. “ஐயா, வேற என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க. ஊருக்குப் போற வழிய மட்டும் அடைச்சுடாதீங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்.”

கர்னல் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “பூட்ட உடைக்கிறதுக்கு முந்தி யோசிச்சிருக்கணும். போம்.”

கொண்டுவந்த அபினி அந்த மாதத்தைத் தாண்டவில்லை. அதைத் தின்றும் பலர் செத்தார்கள். வசந்தத்தில் சிலர் தாங்களாகவே எழுந்து நடந்தார்கள். அதில் எத்தனை பேர் மருந்தால் பிழைத்தார்கள் என்று டூஹியால் கடைசிவரை சொல்ல முடியவில்லை.

போர் முடிந்ததும் அங்கே நின்ற எல்லோருக்கும் கொடுத்த பதக்கம் அவருக்கும் வந்தது. கூடவே ஜமைக்காவுக்கு மாற்றலும் வந்தது. மஞ்சள் காய்ச்சலில் சாகிறவர்களுக்கு நடுவே அதே பதவியில் வருஷங்கள் கழிந்தன. ஜூடித் காசநோயில் போன செய்தி, அவளைப் புதைத்து வெகுநாள் கழித்துத்தான் அங்கே எட்டியது.

ஓய்வு பெற்றுக் கார்க் திரும்பியவர் நேரே ஜூடித் கடைசிவரை இருந்த மாமனார் வீட்டுக்குப் போனார். ஜூடித்தின் தங்கை கதவைத் திறந்தாள். நரைத்த தாடியையும் வெயிலில் கறுத்த முகத்தையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாரு வேணும் உங்களுக்கு?”

டூஹி வாயைத் திறந்தார். யார் பெயரைச் சொல்வதென்று தெரியவில்லை.