தேவானை வீட்டுப் பால் தோயாத நாள்

மாட்டு டாக்டர் கிச்சாவுக்கு வாய்தான் முதல் கருவி, ஊசி இரண்டாவதுதான். முந்தின நாள் கால்வாய் ஓரக் கொட்டிலில், பால்காரி தேவானையின் மடி வீங்கிய பசுவுக்குக் காம்பு வழியே பென்சிலின் ஏற்றினார். அந்த மாட்டுக்குத் தன்னைவிடப் பொறுமை அதிகம் என்று ஏதோ ஜோக் அடித்து, தானே சிரித்துவிட்டுக் கிளம்பினார். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை: ஐந்து நாளைக்கு இந்தப் பாலை யாருக்கும் ஊற்றாதே.

மறுநாள் காலை மயிலாப்பூர் வீட்டில் மனைவி நீரஜா பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினாள். ராத்திரி உறை ஊற்றிய தேவானை வீட்டுப் பால் அப்படியே தளும்பியது.

“ஏன்னா, என் கைராசி போயிடுத்தா, இல்ல இதுவும் உங்க கைங்கர்யமா?”

கிச்சாவுக்குப் புரிந்துவிட்டது. பாலில் இறங்கிய மருந்து, தயிராக்கும் கிருமியைக் கொன்றிருக்கிறது. காய்ச்சினாலும் அது முழுக்கப் போகாது. தெருக்கோடி ஹாஜிரா பீ வீட்டுக்கும் அதே பால்தான். போன வருஷம் ஒரே ஒரு பென்சிலின் ஊசியில், அவள் ஏழு வயது மகள் தபஸ்ஸும் தொண்டை வீங்கி மூச்சுக்குத் திணறியிருக்கிறாள்.

பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். வழியில் தேவானை பால் தூக்கோடு வந்தாள். தண்ணீர் கலக்காத பால் என்று தெருவில் நிமிர்ந்து நடப்பவள். விஷயத்தைக் கேட்டதும் முகம் இருண்டது.

“ஊசி குத்துனது நீ. பேர் கெடறது எனுக்கா டாக்டரே?”

தப்பு தன்னுடையது என்று தானே சொல்வதாகச் சொல்லி, அவளையும் அழைத்துக்கொண்டு ஓடினார். ஹாஜிரா பீ உட்காரச் சொன்னாள், சாயா போடவா என்றாள், நேற்றுப் பால் தோயாத கதையை ஆரம்பித்தாள். தபஸ்ஸும் பால் குடித்தாளா என்று கிச்சா மூன்றாம் தடவை கேட்ட பிறகுதான் பதில் வந்தது: “குடிக்கல டாக்டர் சாப். நேத்துப் பால் முழுசும் உறைக்குத்தான் ஊத்தினேன். தயிர் தோயாத பாலை எப்படி நம்பிப் புள்ளைக்குத் தருவேன்? இன்னிக்குப் பாலையும் தொட விடல.”

கிச்சா அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தன் வேலை கொட்டில் வாசலோடு முடிந்துவிடுகிறது என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்த மனிதர்.

பிறகு தேவானை பால் ஊற்றும் மிச்சம் எட்டு வாசலிலும் ஏறி, பிழை தன்னுடையது, பால்காரியுடையது அல்ல என்று சொன்னார். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் திட்டினார். இரண்டும் நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

மீதிப் பாலைத் தேவானை சாக்கடையில் கவிழ்க்கப் போனாள். கிச்சா தடுத்தார். சாக்கடை கால்வாய்க்குப் போகும். அங்கே உள்ள கிருமிகள் மருந்துக்குப் பழகிவிட்டால், நாளைக்கு மாட்டுக்கும் மனுஷனுக்கும் அந்த மருந்து கேட்காது. கொட்டில் பின்னால் இருவருமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள். என் மேல் கோபமா என்று கிச்சா இரண்டு முறை கேட்டும் அவள் மண்ணைத்தான் தள்ளினாள். மூன்றாம் முறை நிமிர்ந்தாள்.

“கோவம் கீது. ஆனா ஒவ்வொரு வாசலா ஏறி, தப்பு என்னுதுன்னு சொன்ன பாரு, அதையும் பாத்தேன். மாட்டுக்குப் போடற மருந்து மாட்டோட நிக்கல. மனுசன் வயித்துக்கும் போவுது, ஓடற தண்ணிக்கும் போவுது. மூணையும் நெனச்சுக்கினுதான் ஊசியத் தொடணும். அஞ்சு நாளும் ஒரு சொட்டு விக்க மாட்டேன். ஆறாம் நாள் இதே தெருவுல தலைய நிமுத்திக்கினு வருவேன். நீயும் கூட வா.”